தொலைவிலிருந்து பணிபுரியும் ஊழியர்களுக்கான ஆவணப் பகிர்வு முறைமை

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்



ஆவணப் பகிர்வு என்றவுடன் மின்னஞ்சலுடன் கோப்பொன்றை இணைத்து அனுப்புவதே உங்களில் பலருக்கு நினைவில் வரும். அது பிழையான விடை அன்று. ஆனால் முழுப் புள்ளியையும் பெற்றுத்தரும் விடையும் அன்று. ஒரு கோப்பை அனுப்புவதும் ஒரு கோப்பைப் பகிர்வதும் இரு வேறு செயல்கள். அனுப்பும்போது பிரதிகள் பெருகுகின்றன. பகிரும்போது கோப்பு ஒன்றாகவே இருக்கப் பலர் அதனிடம் வருகின்றனர். இவ்வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொண்டால், சம்பவம் ஒன்றைத் தந்து கேட்கப்படும் வினாக்களுக்கு மனனம் செய்யாமலேயே விடை எழுதலாம்.

அலுவலகம் பூட்டப்பட்ட நாள்

2020 மார்ச் 18ஆந் திகதி பிற்பகல் 4.30 மணிக்குப் புத்தளம், சிலாபம், கொச்சிக்கடைப் பகுதிகளில் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கொவிட்-19 தொற்றே காரணம். நாடு முழுவதற்குமான ஊரடங்கு 20ஆந் திகதி மாலையில்தான் பிறப்பிக்கப்பட்டது. அதாவது, ஏனைய மாவட்டங்களுக்கு இரண்டு நாட்கள் முன்னரே எமது கரையோரத்தில் கதவுகள் சாத்தப்பட்டன. மார்ச் 20 முதல் 27 வரையான நாட்களை வீட்டிலிருந்து பணியாற்றும் காலமாக அரசாங்கம் அறிவித்தது.

அறிவிப்பது இலகு. வீட்டில் இருந்த எழுதுவினைஞரிடம் கணினி இருந்தது. சிலரிடம் இணைய இணைப்பும் இருந்தது. வேலை செய்ய ஆளும் உண்டு, நேரமும் உண்டு. ஆனால் சம்பளப் பட்டியல் அலுவலகக் கணினியின் வன்தட்டில் இருந்தது. வழங்குநரின் விலைச்சிட்டைகள் இரும்பு அலுமாரியில் இருந்தன. அலுமாரியின் திறப்பு முகாமையாளரின் சட்டைப் பையில் இருந்தது. ஊரடங்கு நிறுத்தியது ஊழியர்களின் நடமாட்டத்தை மட்டும்தான். வேலையை நிறுத்தியது, ஆவணங்கள் ஒரே அறையில் கட்டுண்டு கிடந்தமையாகும்.

தொலைவிலிருந்து பணிபுரிதல் கொவிட் காலத்தில் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். எமது மாவட்டத்திற்கு அயலில், வில்பத்துக் காட்டின் ஓரமாக அமைந்த மகாவிலச்சிய என்னும் விவசாயக் கிராமத்தில், 2000களின் பிற்பகுதியிலேயே இளைஞர்கள் தமது ஊரில் இருந்தபடி தொலைவிலுள்ள நிறுவனங்களுக்கான தரவு உள்ளீட்டு வேலைகளைச் செய்தனர். ஜோன் கீல்ஸ் குழுமம் அதற்கு ஆதரவளித்தது. கடதாசியில் உள்ள ஆவணம் வருடியினால் இலக்கமுறைப் படிமமாக மாற்றப்பட்டுவிட்டால், அது கொழும்பில் இருந்தால் என்ன, கிராமத்தில் இருந்தால் என்ன? சாதாரண தரம் முடித்து வேலை தேடப்போகும் உங்களுக்கு இது வெறும் பாடப்பகுதி அன்று. உடப்பில் அல்லது கற்பிட்டியில் பெற்றோருடன் இருந்துகொண்டே கொழும்பு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுத முடியுமா என்பதை, அந்நிறுவனத்தின் ஆவணப் பகிர்வு முறைமையே பெருமளவிற்குத் தீர்மானிக்கிறது.

பின்வரும் சம்பவத்தைக் கருதுக

சிலாபத்தில் தலைமை அலுவலகத்தைக் கொண்ட இறால் வளர்ப்பு நிறுவனம் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். (இது விளக்கத்திற்காக அமைத்த உதாரணம், உண்மையான நிறுவனம் எதனையும் குறிப்பதன்று.) ஆராச்சிக்கட்டுவ, உடப்பு, முந்தல் ஆகிய மூன்று இடங்களில் அதற்குப் பண்ணைகள் உண்டு. ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். கணக்காளர் புத்தளம் நகரில் தனது வீட்டிலிருந்து பணிபுரிகிறார். கொள்வனவு அலுவலர் கற்பிட்டியில் வசிக்கிறார். எல்லாமாக ஆவணங்களைக் கையாள வேண்டியவர்கள் 14 பேர்.

இறால் பண்ணையை ஏன் தெரிந்தெடுத்தோம் என்று கேட்பீர்கள். இலங்கையின் இறால் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை புத்தளம் மாவட்டக் கரையோரத்தில்தான் அமைந்துள்ளன. இவற்றிற் பல, களப்புகளிலிருந்தும் அவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் நீரைப் பெறுகின்றன. கழிவு நீரும் அங்கேயே போய்ச் சேர்கிறது. ஆகவே ஒரு பண்ணையில் நோய் தோன்றினால் நீர் அதனை அடுத்த பண்ணைக்குக் காவிச் செல்லும். 1996இல் பரவிய வெண்புள்ளி நோய் இக்கைத்தொழிலை நிலைகுலையச் செய்தது. இந்நோய் கண்ட குளத்தில் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் இறால்கள் முழுவதும் மடிந்துவிடலாம். இதனாலேயே கரையோரத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்பதை வரையறுக்கும் வளர்ப்புக் கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை பண்ணையாளர் சங்கங்களுடன் இணைந்து இதனை நெறிப்படுத்துகிறது.

இப்போது எமது நிறுவனத்திற்கு வருவோம். மூன்று பண்ணைகளுக்கும் உரிய திகதிகளை முகாமையாளர் ஒரு விரிதாளில் தயாரித்து, திங்கட்கிழமை 14 பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்புகிறார். புதன்கிழமை உடப்புப் பண்ணையின் திகதி இரு வாரங்கள் பின்தள்ளப்படுகிறது. திருத்திய விரிதாளை அவர் மீண்டும் அனுப்புகிறார். உடப்பு மேற்பார்வையாளர் அன்று முழுவதும் குளக்கட்டில் நிற்கிறார், மின்னஞ்சலைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலையில், தனது கைபேசியில் ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருந்த திங்கட்கிழமைப் பிரதியைப் பார்த்து, பொரிப்பகத்திற்குக் குஞ்சுகளுக்கான முற்பணத்தைச் செலுத்திவிடுகிறார்.

யாருடைய பிழை? முகாமையாளர் திருத்தத்தை அனுப்பினார். மேற்பார்வையாளர் தன்னிடம் இருந்த ஆவணத்தை ஒழுங்காகப் பின்பற்றினார். இருவரும் தத்தமது கடமையைச் செய்தனர். பணம் மட்டும் போய்விட்டது. பிழை முறைமையில் உள்ளது. திங்கட்கிழமை ஒரு கோப்பு 15 கோப்புகளாயிற்று; புதன்கிழமை மேலும் 15 சேர்ந்தன. அவற்றுள் எது செல்லுபடியானது என்பதை எந்தக் கோப்பைப் பார்த்தும் அறிய முடியாது. கோப்பின் பெயரில் 'இறுதி', 'புதிய இறுதி', 'இதுதான் இறுதி' என்று சேர்த்து எழுதுவதால் இப்பிரச்சினை தீராது. (உங்கள் பாடசாலைக் கணினிக் கூடத்திலும் இத்தகைய பெயர்களைக் கண்டிருப்பீர்கள்.)

எனவே வரைவிலக்கணத்தை இவ்வாறு எழுதலாம்: ஆவணப் பகிர்வு முறைமை என்பது, ஆவணத்தின் செல்லுபடியான பிரதி ஒன்றை ஓரிடத்தில் வைத்து, அனுமதி பெற்ற பயனர்கள் வலையமைப்பின் ஊடாக அதனைப் பார்வையிடவும் திருத்தவும், யார் எப்போது திருத்தினார் என்பதை அறியவும் வசதி செய்யும் மென்பொருளும் அதற்கான ஒழுங்குவிதிகளும் ஆகும். 'ஒழுங்குவிதிகளும்' என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். மென்பொருளை நிறுவுதல் அரை நாள் வேலை. எஞ்சிய வேலை முழுவதும் விதிகளில்தான் இருக்கிறது.

கோப்பை எங்கே வைப்பது?

ஒரே கட்டடத்தினுள் எல்லோரும் இருப்பின் இடத்துரி வலையமைப்பில் ஒரு பகிரப்பட்ட கோப்புறை போதுமானது. எமது நிறுவனத்தின் ஊழியர்களோ சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பரந்துள்ளனர். ஆகவே இரு வழிகள் உண்டு.

முதலாவது, சிலாபம் அலுவலகத்தில் சொந்தமாக ஒரு சேவையகத்தை நிறுவி, ஊழியர்களை இணையத்தின் ஊடாக அதனுடன் இணைத்தல். இதற்கு மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்தலாம். இதன்மூலம் வெளியில் உள்ள கணினி, மறைகுறியாக்கம் செய்யப்பட்ட பாதையினூடாக அலுவலக வலையமைப்பினுள் நுழைகிறது. 2016இல் வெளியான நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருளைச் சேவையகத்தில் நிறுவினால் உரிமக் கட்டணம் இல்லாமலேயே கோப்புப் பகிர்வை நடத்தலாம். தரவுகள் முழுவதும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கும் என்பது இதன் பெரிய அனுகூலம்.

பிரதிகூலத்தை 2022ஆம் ஆண்டு எமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. சிலாபத்தில் மின்சாரம் இல்லையெனில் சேவையகம் இல்லை. சேவையகம் இல்லையெனில் கற்பிட்டியில் மின்சாரம் இருந்தும் பயனில்லை. 900 மெகாவாற்று கொள்ளளவுள்ள நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் நுரைச்சோலையில், எமது கரையிலேயே நின்றாலும் மின்வெட்டு எமக்கும் பொதுவானதாகவே இருந்தது. தடையில்லா மின்வழங்கி ஒரு சாதாரண சேவையகத்தைச் சிறிது நேரத்திற்கே தாங்கும். 13 மணித்தியாலத்திற்கு மின்பிறப்பாக்கியும் எரிபொருளும் தேவை. அந்நாட்களில் எரிபொருள் வரிசை எவ்வளவு நீளம் என்பதை உங்கள் வீட்டாரிடம் கேட்டறிக.

இரண்டாவது வழி முகில் கணிமை ஆகும். சேவை வழங்குநர் ஒருவரின் தரவு மையத்தில் இடத்தை வாடகைக்குப் பெற்று, இணையத்தின் ஊடாகப் பயன்படுத்துவதே இது. ட்ரொப்பொக்ஸ் 2008இலும் கூகுள் டிரைவ் 2012இலும் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வன்டிரைவ் இவ்வகையில் மற்றொன்று. சேவையகத்தை வாங்கவோ குளிரூட்டவோ வேண்டியதில்லை. மாதாந்தக் கட்டணம் செலுத்த வேண்டும். இணைய இணைப்பு அற்றுப்போனால் புதிய பிரதி கிடைக்காது என்பதையும், தரவுகள் மற்றொருவரின் பொறுப்பில் உள்ளன என்பதையும் பிரதிகூலங்களாக எழுதுக. எமது நிறுவனத்தைப் போன்ற 14 பேர் கொண்ட, கணினிப் பொறியியலாளர் ஒருவரும் இல்லாத இடத்திற்கு முகில் வழியே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. பரீட்சையில் நீங்கள் எதனைத் தெரிந்தெடுத்தாலும் புள்ளி உண்டு. காரணம் சம்பவத்துடன் பொருந்த வேண்டும் என்பதே நிபந்தனை.

கணக்குகளும் அனுமதிகளும்

இப்பகுதியைச் சற்று ஆறுதலாக வாசியுங்கள். நடைமுறையில் நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் இதுவே.

முகாமையாளர் தனது சொந்த மின்னஞ்சல் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைற்று இடத்தில் ஒரு கோப்புறையை உருவாக்கி, மற்ற 13 பேருக்கும் அதன் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதாக எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அக்கோப்புறையின் உரிமையாளர் நிறுவனம் அன்று. முகாமையாளர் என்ற தனிமனிதர். அவர் வேலையை விட்டு வெளிநாடு சென்றால், அல்லது கடவுச்சொல்லை மறந்தால், நிறுவனத்தின் கணக்கு முழுவதும் அவருடனேயே போய்விடும். எமது பிரதேசத்தில் ஒரு சிறு வியாபார நிலையத்தில் இது நிகழ்ந்ததை நான் அறிவேன். அங்கு கணக்குகளைப் பேணி வந்த இளைஞர் நல்லவர். கத்தாரிலிருந்து தொலைபேசியில் பொறுமையாக வழிகாட்டினார். ஆனாலும் பழைய கைபேசி இலக்கத்திற்கு வந்த சரிபார்ப்புக் குறியீட்டைப் பெற முடியாமல் அவர்கள் மூன்று வாரம் அலைந்தனர். ஆகவே முதற்படி, நிறுவனத்தின் பெயரில் கணக்கைப் பெற்று, அதன் கீழ் ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கை வழங்குவதாகும். ஒரே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் 14 பேருக்கும் கொடுக்கலாகாது. அவ்வாறு கொடுத்தால் யார் திருத்தினார் என்ற கேள்விக்கு முறைமையால் விடை கூற முடியாது.

அடுத்தது கோப்புறைகள். ஆட்களின் பெயரில் கோப்புறை அமைப்பது எல்லோரும் செய்யும் பிழை. ஆள் மாறுவார், வேலை மாறாது. கணக்கு, சம்பளம், கொள்வனவு, பண்ணைப் பதிவேடுகள், கால அட்டவணை என வேலையின் பெயரால் கோப்புறைகளை உருவாக்குக. பண்ணைப் பதிவேடுகளுக்குள் மூன்று பண்ணைகளுக்கும் மூன்று உபகோப்புறைகள் இருக்கலாம்.

பின்னர் ஒவ்வொரு கோப்புறைக்கும் அனுமதி வழங்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் மூன்று நிலைகள் உண்டு: பார்வையிடல் மட்டும், கருத்துரைத்தல், திருத்துதல். இங்கு பின்பற்ற வேண்டிய தத்துவம், ஒருவருக்குத் தமது கடமையைச் செய்யத் தேவையான மிகக் குறைந்த அனுமதியையே வழங்குதல் என்பதாகும். எமது சம்பவத்தில் கால அட்டவணையை 14 பேரும் பார்வையிடலாம். முகாமையாளர் மட்டுமே திருத்தலாம். உடப்பு மேற்பார்வையாளர் தனது பண்ணையின் தீவனப் பதிவேட்டைத் திருத்தலாம். முந்தல் பண்ணையின் பதிவேட்டை அவர் பார்வையிடலாமா? இதற்கு ஒரே விடை கிடையாது. அங்கு நோய் அறிகுறி காணப்பட்டால் இவருக்கும் உடனே தெரியவேண்டும் என்பதால் பார்வையிடும் அனுமதி கொடுப்பது நன்று. சம்பளக் கோப்புறையைக் கணக்காளரும் முகாமையாளரும் தவிர வேறெவரும் திறக்கக் கூடாது.

இணைப்பை வைத்திருக்கும் எவரும் பார்வையிடலாம் என்ற தெரிவு எல்லா மென்பொருளிலும் கவர்ச்சியாகத் தோன்றும். அத்தெரிவைப் பயன்படுத்தினால் அவ்விணைப்பு எவரின் கைக்குப் போகிறதோ, அவர் கடவுச்சொல் இன்றியே ஆவணத்தைத் திறக்கலாம். வட்ஸ்அப் குழுவொன்றில் முன்னனுப்பப்படும் இணைப்பு எங்கு போய் முடியும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் உள்ள ஆவணங்களுக்கு இத்தெரிவு அறவே ஆகாது. கடவுச்சொல்லுடன் கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை எல்லாக் கணக்குகளிலும் இயக்குக. ஊழியர் ஒருவர் விலகும் நாளிலேயே அவரது கணக்கை முடக்குவதும் முகாமையாளரின் கடமை.

சமிக்ஞை இல்லாத குளக்கட்டில்

களப்போரப் பண்ணைகள் எல்லாவற்றிலும் இணையச் சமிக்ஞை சீராகக் கிடைப்பதில்லை. இதற்கான தீர்வு ஒத்திசைவு ஆகும். மேற்பார்வையாளரின் கருவியில் கோப்பின் ஒரு பிரதி வைக்கப்படுகிறது. இணைப்பு இல்லாதபோது அவர் அப்பிரதியில் தீவன அளவைப் பதிகிறார். இணைப்புக் கிடைத்தவுடன் மென்பொருள் அம்மாற்றத்தை முகிலிலுள்ள கோப்பிற்குத் தானாகவே அனுப்புகிறது. மற்றவர்கள் செய்த மாற்றங்களையும் கொண்டுவருகிறது. 'இதுவும் பிரதிதானே, மின்னஞ்சலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?' என்று ஒரு கெட்டிக்கார மாணவி வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. மின்னஞ்சற் பிரதி தனது மூலத்தை மறந்துவிடுகிறது. ஒத்திசைந்த பிரதி மூலத்துடன் தன்னை இடையறாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆயினும் இணைப்பு இல்லாத நேரத்தில் அதுவும் பழையதாகலாம். ஆகவே குஞ்சுக்குப் பணம் செலுத்தும் முன்னர், கடைசியாக ஒத்திசைந்த நேரத்தை மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும் என்பது ஒரு விதியாக இருக்க வேண்டும்.

இணைப்பு இல்லாத நேரத்தில் இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால் என்னவாகும்? ட்ரொப்பொக்ஸ் போன்றவை இரண்டில் ஒன்றை அழிப்பதில்லை. இரண்டாவதை முரண்பட்ட பிரதி எனப் பெயரிட்டு அருகிலேயே வைக்கின்றன. மனிதர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். இணைப்பில் இருந்துகொண்டு வலை மேலோடியிலேயே திருத்தும் கூகுள் டொக்ஸ் போன்ற மென்பொருள்களில் இச்சிக்கல் குறைவு. அங்கு ஒவ்வோர் எழுத்து மாற்றமும் உடனுக்குடன் சேவையகத்தில் ஒன்றிணைக்கப்படுகிறது.

பட்டையகலத்தைக் கணித்துப் பார்ப்போம். ஆராச்சிக்கட்டுவப் பண்ணையில் ஒரு நாளில் எடுத்த 40 ஒளிப்படங்கள் பதிவேற்றப்பட வேண்டும். ஒவ்வொன்றும் 4 மெகாபைற்று. மொத்தம் 160 மெகாபைற்று. ஒரு பைற்று 8 பிற்றுகள் என்பதால் இது 1280 மெகாபிற்று ஆகும். பதிவேற்ற வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற்று எனின் 640 செக்கன், அதாவது 10 நிமிடம் 40 செக்கன் எடுக்கும். சமிக்ஞை நலிந்து வேகம் 0.5 மெகாபிற்று ஆகும்போது 2560 செக்கன். ஏறத்தாழ 43 நிமிடம். பைற்றையும் பிற்றையும் குழப்பி 8ஆல் பெருக்க மறப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். படங்களைச் சுருக்கி ஒவ்வொன்றையும் 0.5 மெகாபைற்றாக்கினால் அதே நலிந்த இணைப்பில் 320 செக்கனில் வேலை முடிந்துவிடும். விலைச்சிட்டைகளை வர்ணத்தில் அன்றிக் கறுப்பு வெள்ளையில் வருடுவதும் இதே காரணத்திற்காகவே.

ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு

கணக்காளர் தவறுதலாகக் கொள்வனவுக் கோப்புறையை அழித்துவிட்டார் எனக் கொள்வோம். ஒத்திசைவு தனது கடமையைச் செவ்வனே செய்யும்: சில நிமிடங்களுள் அனைவரது கணினியிலும் அது அழிந்துவிடும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாட்கள் குப்பைக் கூடையில் இருந்து, பின்னர் நிரந்தரமாக நீங்கும். அதற்குள் எவரும் கவனிக்காவிட்டால் மீட்க வழியில்லாமல் போகலாம். ஆகவே பகிர்வு மென்பொருள் இருப்பதனால் காப்பு நகல் தேவையில்லை என்று எழுதினால் அது பிழை.

இதனை நாடே கற்ற பாடம் ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்க முகில், கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. இத்தகைய தீம்பொருள் கோப்புகளை மறைகுறியாக்கிவிட்டு, திறப்பைத் தருவதற்குப் பணம் கேட்கும். அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். பிரதான முறைமையுடன் இணைக்கப்பட்டிருந்த காப்பு நகல்களும் சேர்ந்தே மறைகுறியாக்கப்பட்டன. முறைமை மீள நிறுவப்பட்டபோதும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளை மீட்க முடியவில்லை. அக்காலத்திற்கு உரிய, வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட காப்பு நகல் இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளும் பழைய பதிப்பாக இருந்தது.

ஏறக்குறைய மூன்றரை மாதம். எமது இறால் நிறுவனத்திற்கு அது பெரும்பாலும் ஒரு முழு வளர்ப்புக் காலமாகும். குஞ்சு விட்ட நாள் முதல் அறுவடை வரையுள்ள தீவனக் கணக்கு, நீர்ச் சோதனைப் பெறுபேறு, கடன் விபரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே மூன்று–இரண்டு–ஒன்று விதியைக் கைக்கொள்க. தரவின் மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்பு ஊடகங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். எமது நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை தோறும் புறவன்தட்டு ஒன்றில் காப்பு நகலை எடுத்து, தட்டைக் கழற்றி, புத்தளத்தில் பாதுகாப்பான அலுமாரியொன்றில் வைக்கலாம். கழற்றி என்பதே இங்கு முக்கிய சொல். செருகியபடியே இருக்கும் தட்டையும் தீம்பொருள் விட்டுவைக்காது.

சட்டம்

மூன்று சட்டங்களின் பெயரையும் ஆண்டையும் நினைவிற் கொள்க. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னாவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி மற்றொருவரின் கணினியினுள் அல்லது தரவினுள் நுழைவது குற்றமாகும். விலகிய ஊழியர் பழைய கடவுச்சொல்லால் நுழைவதும் இதில் அடங்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆட்களின் தனிப்பட்ட தரவுகளைக் கையாளும் நிறுவனங்களின் கடமைகளை எடுத்துரைக்கிறது. சம்பளப் பட்டியலை அனைவருக்கும் திறந்துவிடக் கூடாது என்பது வெறும் நாகரிகம் மட்டுமன்று என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்க.

மாதிரி வினாவும் விடையும்

வினா: மேற்கூறிய நிறுவனத்தின் முகாமையாளர், 'எல்லோருக்கும் எல்லாக் கோப்புறைகளிலும் திருத்தும் அனுமதியைக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும்' என்கிறார். இதனுடன் உடன்படுகிறீரா? காரணம் தருக.

விடை: உடன்படவில்லை. எல்லோருக்கும் திருத்தும் அனுமதி இருப்பின் கால அட்டவணையின் திகதியைத் தவறுதலாக எவரும் மாற்றலாம். அம்மாற்றம் ஒத்திசைவினால் உடனே அனைவருக்கும் செல்லும். ஒருவரின் கணினியில் கப்பம் கோரும் தீம்பொருள் புகுந்தால் அவருக்குத் திருத்தும் அனுமதியுள்ள கோப்புறைகள் அனைத்தும் பாதிக்கப்படும். சம்பள விபரம் போன்ற தனிப்பட்ட தரவுகளும் வெளிப்படும். எனவே கடமைக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதியையே வழங்க வேண்டும்.

இவ்விடையில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒரு காரணத்தையும் அதன் விளைவையும் கூறுவதை அவதானிக்குக. 'பாதுகாப்பு இல்லை' என்று மட்டும் எழுதுபவருக்கு ஒரு புள்ளிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இனி நீங்களே முயலுங்கள்

கற்பிட்டியில் மரக்கறி கொள்வனவு செய்து கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரிடம் 6 ஊழியர்கள் உள்ளனர். இருவர் தோட்டங்களுக்குச் சென்று நிறையையும் விலையையும் குறிப்பேட்டில் எழுதி, அதனை ஒளிப்படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகின்றனர். கொழும்பில் உள்ள விற்பனையாளர் அதே நாளில் விலையைத் திருத்திக் கூறுகிறார். மாத முடிவில் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் இருவரின் கணக்கும் ஒத்துவருவதில்லை.

(அ) கணக்கு ஒத்துவராமைக்கான காரணத்தைப் 'பிரதி' என்ற சொல்லைப் பயன்படுத்தி விளக்குக.

(ஆ) தோட்டங்களில் சமிக்ஞை கிடைக்காத நிலையிலும் பயன்படுத்தக்கூடிய பகிர்வு முறை ஒன்றை முன்மொழிக. ஆறு பேருக்கும் நீர் வழங்கும் அனுமதி நிலைகளைத் தனித்தனியே குறிப்பிடுக.

(இ) விவசாயியும் தனது கணக்கைப் பார்வையிட விரும்புகிறார். ஏனைய விவசாயிகளின் விபரங்கள் அவருக்குத் தெரியாதவாறு இதனை எவ்வாறு ஒழுங்கு செய்வீர்?